இரண்டு யூனிட் ஆற்று மணல்

சிவராஜ் வீட்டுத் தண்ணீரை மூடியவன் நான்தான். மூடச் சொன்னவர்கள் பலர். ஆனால் வால்வு சாவி என் கையில் இருந்தது. ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் விஜயகுமார் என்றால் பர்கூரில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கெம்பனப்பள்ளியின் நாலு தெருவுக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் என் இஷ்டம். பதினோரு வருடமாக இந்த அதிகாரத்தை அனுபவித்து வருகிறேன். பாதிப் பெண்கள் என்னை அண்ணா என்பார்கள். மீதிப் பேர் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று விடியற்காலை தெருக் குழாயிலிருந்து சிவராஜ் வீட்டுக்குப் பிரியும் இடத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பெண்டாட்டி ரேவதி வெளி அடுப்பில் களிக்கு உலை வைத்திருந்தாள். களித் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னாண்ணா, காலங்காத்தால எங்க வாசல்ல குந்திக்கினு இருக்கற?"

"வால்வு லீக்காவுதுமா. பாத்துட்டுப் போலாம்னு."

"லீக்கப் பாக்கறியா, மூடறியா?"

நான் சாவியைத் திருகினேன்.

"மூடறதுன்னா மூடுண்ணா. அதுக்கு எதுக்கு ஒரு பொய்யி?"

"ஊர்ல சொல்லிட்டாங்கமா. நான் என்னா பண்றது?"

"ஊர்னா யாரு? அதுல நீ இருக்கறியா, இல்லியா?"

நான் இன்னொரு சுற்றுத் திருகினேன். வால்வு கடைசிச் சுற்றில் இறுகி நின்றது. அவள் வீட்டுக் குழாயில் இரண்டு முறை காற்று இருமியது, அப்புறம் சத்தம் அடங்கியது. ரேவதி உள்ளே போய்க் களியைக் கிண்ட ஆரம்பித்தாள். கிண்டிய வேகத்துக்குப் பானை உடையாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். இதில் நல்லவன் யாராவது வருவான் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊர் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கிழக்கே பார்த்தால் கிரானைட் குவாரி, வடக்கே பார்த்தால் ஜல்லி உடைக்கிற கிரஷர். நடுவில் மாந்தோப்பும் ராகிக் காடும். சிவராஜின் அப்பா காலத்தில் மேட்டுக் காட்டில் ஒரு போர் போட்டார்கள். அறுநூற்று ஐம்பது அடி இறக்கியும் புகைதான் வந்தது. வெறும் கல் புகை. அந்த மனுஷன் அதே வருத்தத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. போர்க் குழியை ஒரு கல்லைப் போட்டு மூடி வைத்தார்கள். அது அப்படியே இருபது வருடம் கிடந்தது.

ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற போர் அதற்குக் கீழே, ஏரிக்கரையில் இருக்கிறது. மாசி வந்தால் அது அரை மணி நேரம் ஓடும், அப்புறம் கக்கும். கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கும். பங்குனி சித்திரையில் குழாயடியில் நடக்கிற சண்டையில் அன்னியோன்னியமாக இருந்த அக்கா தங்கைகூட ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்து நிற்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன்பு அருணா என்று ஒரு பெண் வந்தாள். தண்ணீர் வேலை செய்கிற ஓர் அமைப்பின் இன்ஜினியர். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று பணம் கொடுக்கிறது, இவர்கள் வேலை செய்கிறார்கள். காடு மேடெல்லாம் நடந்து பார்த்துவிட்டு, "இந்தச் செத்த போரைக் குடுத்தீங்கன்னா, மழைத் தண்ணிய இது வழியா பூமிக்குள்ள இறக்கலாம். இறக்கற தண்ணி பாறை வெடிப்பு வழியா போய் உங்க குடிதண்ணி போர்ல சேரும்" என்றாள். சிவராஜ் ஒரு பேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்தான். ஐந்து பைசா கேட்கவில்லை. கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறவன், வாயில்லாத ஆள். 'எங்கப்பன் போட்ட போர் ஊருக்காவது ஆவட்டும்' என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

போரைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி, பத்தடி ஆழத்தில் தொட்டி எடுத்தார்கள். போரின் கேசிங் பைப்பில் துளை போட்டு வலை சுற்றினார்கள். அடியில் பெரிய கல், அதற்கு மேல் பெருஜல்லி, அதற்கு மேல் சிறுஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் இரண்டடிக்கு ஆற்று மணல். ஓடைத் தண்ணீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் தங்கி, சேற்றை விட்டுவிட்டு, பிறகு இந்த மணலுக்கு வந்து வடிந்து கீழே இறங்கும். அருணா போகும்போது கறாராகச் சொன்னாள்: "வருசா வருசம் மழைக்கு முன்னாடி மேல இருக்கற மணல மாத்தணும். ஆத்து மணல்தான். வேற எதையும் போடாதீங்க."

முதல் வருடம் நாங்கள் கேலி செய்தோம். இரண்டாம் வருடம் சித்திரையில் என் மோட்டார் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. டேங்க் நிரம்பி வழிந்ததை ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அந்த வருடம் குழாயடியில் சண்டை இல்லாமல் எனக்கே போரடித்தது.

இந்த வருடம் பங்குனியில் மாற்று மணல் வந்தது. இரண்டு யூனிட். அருணாவின் ஆட்கள் தொட்டி ஓரத்தில் கொட்டி, போட்டோ எடுத்து, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா திம்மராயனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தக் காலத்தில் ஆற்று மணல் என்றால் என்ன என்று கட்டடம் கட்டியவனுக்குத் தெரியும். தென்பெண்ணையில் ஒரு சட்டி மணல் அள்ளினால் கேஸ். ஊரில் வீடு கட்டுகிறவன் எல்லாம் கிரஷர் மணலில்தான் கட்டுகிறான். அப்படிப்பட்ட சாமான் இரண்டு யூனிட், வெயிலில் மினுமினு என்று கிடக்கிறது. அதே மாதம் கோயில் சுற்றுச்சுவர் பூச்சுக்கு நிற்கிறது. வைகாசியில் பண்டிகை.

கொத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தான். "கிரஷர் மணல்ல பூசினா வெடிப்பு உடும். ஆத்து மணல்னா கண்ணாடியாட்டம் வரும்."

திம்மராயன் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கோயில் முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தார். "அம்மனுக்குத்தானே? யாரு வூட்டுக்கும் இல்லியே? தொட்டிக்கு நம்ம சிவராஜ் கிரஷர்லருந்து ஒரு லோடு கொண்டாந்து போட்டுடுவான். மணல்னா மணல்தான். ஏமப்பா சிவராஜ்?"

சிவராஜ் தயங்கினான். "அந்தப் பொண்ணு ஆத்து மணல்தான்னு சொல்லிட்டுப் போச்சே, மாமா."

"அது படிச்ச பொண்ணு, அப்பிடித்தான் சொல்லும். மூணு மாடி வூடு நிக்குது கிரஷர் மணல்ல. தண்ணி வடியாதா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை, மறுநாள் காலையிலிருந்து இரும்புச் சட்டிகளில், பாண்டில் பாண்டிலாக அந்த மணலைக் கோயிலுக்குச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அம்மன் காரியம் என்று பெண்கள்கூடக் கை கொடுத்தார்கள். ஊரே கூடி ஒரு வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. சிவராஜ் கிரஷரில் கேட்டு ஒரு டிப்பர் கொண்டுவந்து, பழைய மணலை வாரி எடுத்திருந்த தொட்டியில் கொட்டினான். கழுவாத டஸ்ட் அது. கல் உடைக்கும்போது அடியில் குவிகிற சாம்பல் நிறப் பொடி. கழுவிய மணல் விலைக்குப் போகும், டஸ்ட்தான் கேட்டால் சும்மா கிடைக்கும். இங்கே வீட்டுத் தரைக்கு, ரோட்டுக்கு, கக்கூஸ் தொட்டிக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறோம். பள்ளம் என்று ஒன்றைப் பார்த்தால் டஸ்ட் போட்டு நிரப்புவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதை எவனும் தப்பாக நினைக்கவில்லை.

பண்டிகை ஜோராக நடந்தது. சுவர் கண்ணாடி மாதிரிதான் வந்தது.

பண்டிகை முடிந்த ஐந்தாம் நாள் மதியம் வானம் இருட்டி ஆலங்கட்டியோடு கோடை மழை கொட்டியது. மாங்காயெல்லாம் உதிர்ந்து தோப்பு பூராவும் பச்சைத் தரையாகிவிட்டது. ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. தொட்டியைப் பார்க்க ஓடினோம். தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. டஸ்ட் நனைந்து சிமெண்டுத் தரை போல இறுகி, மேலே குளம் கட்டி வழிந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்கு ஆகிற தண்ணீர் கண் முன்னால் வழிந்து போகிறதைப் பார்த்தால் யாருக்கு வயிறு எரியாது? கடப்பாரைகள் வந்தன. நாலைந்து பேர் இறங்கிக் குத்தினோம். போர்ப் பைப்பை ஒட்டிக் குத்தினால் சீக்கிரம் இறங்கும் என்று சொன்னவன் நான். வலை கிழிந்தது. பைப் உடைந்தது. தண்ணீர் ஒரு சுழி போட்டு, சாம்பல் கரைசலாக, மொத்த டஸ்டையும் வாரிக்கொண்டு உள்ளே போனது. கைதட்டினோம்.

மூன்றாம் நாள் குழாயில் பால் வந்தது.

பால் என்றே முதலில் பிள்ளைகள் சொன்னார்கள். குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மாவு தங்கும். களி கிண்டினால் பல்லில் நறநறவென்றது. சோறு சாம்பல் நிறத்தில் வெந்தது. ஒரு வாரத்தில் தண்ணீரும் குறைந்தது. மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் இருபது நிமிடத்தில் காற்றை இழுத்தது. பாறை வெடிப்பெல்லாம் அடைத்துக்கொண்டது என்று படிக்காத எனக்கே புரிந்தது.

ஊருக்கு அப்போது ஓர் ஆள் தேவைப்பட்டது. சுவர் பூசியவர்கள் எழுபது வீடு. கடப்பாரை பிடித்தவர்கள் ஐந்து பேர். டஸ்ட் கொண்டுவந்தவன் ஒருத்தன். கணக்கு சுலபமாக முடிந்தது.

சாந்தம்மாதான் ஆரம்பித்தாள். சிவராஜ் வீட்டுக்கு எதிர் வீடு. குழாயடியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "ஓசில கெடைக்குதுன்னு கல்லுப் பொடியக் கொண்டாந்து கொட்டிட்டான். எங்க புள்ளைங்க வயித்துல இப்ப செவுரு எழும்புது."

ரேவதி குடத்தைக் கீழே வைத்தாள். "ஓசில கெடைக்கறதக் கொண்டாரச் சொன்னது யாருக்கா? நல்ல மணல எங்க கொண்டு போய் அப்பினீங்க?"

"அம்மன் செவுத்தப் பத்திப் பேசாத. வாய் அழுகிப்பூடும்."

"அழுவட்டும். நீ நாலு பாண்டில் தூக்கினியே, நான் பாக்கலயா? உனக்கு எது அழுவும்?"

சாந்தம்மா குடத்தோடு பாய்ந்தாள். நான் நடுவில் நின்றேன். நின்றேன் என்றால், ரேவதியின் குடத்தைத்தான் நகர்த்தி வைத்தேன்.

அதற்கு மறுநாள்தான் திம்மராயன் என்னைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னார். அதன் பிறகு ரேவதி மாந்தோப்பைத் தாண்டி, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிணற்றில் போய் எடுத்து வந்தாள். அவளுக்கு அது சீசன் நேரம். மாம்பழக் கூழ் கம்பெனியில் நின்றபடியே பன்னிரண்டு மணி நேரம் தோல் சீவிவிட்டு, கைவிரல் வெந்துபோய் வருவாள். வந்து இரண்டு நடை தண்ணீர். வழியில் ஒரு பெண்ணும் அவளோடு பேசவில்லை. அவள் யாரையும் பார்க்கவும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க நேராகப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

ஆனி பிறந்து அருணா வந்தாள். தொட்டியில் இறங்கிப் பார்த்தாள், ஓரத்தில் ஒட்டியிருந்த டஸ்டை ஒரு கை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். மேலே வந்து கையைக் கழுவினாள்.

"சரி பண்ணலாம்" என்றாள். "தொட்டிய முழுக்கத் தோண்டி எடுக்கணும். கம்ப்ரஸர் வண்டி வெச்சு ரெண்டு போரையும் ஊதிக் கழுவணும். புது மணல் போடணும். புரட்டாசி மழைக்குள்ள முடிச்சாத்தான். ஆனா ஆபீஸ்ல ஒண்ணு கேப்பாங்க. போட்டோல இருக்கற மணல் எங்க போச்சு? அதுக்குப் பதில் எழுதிக் குடுக்காம ரெண்டாவது லோடு வராது."

அன்று சாயங்காலம் திம்மராயன் வீட்டில் ஒரு காகிதம் எழுதினோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். 'மேற்படி ஆற்று மணலை டிப்பர் ஓட்டுநர் சிவராஜ் ஊருக்குத் தெரியாமல் வெளியில் விற்றுவிட்டு, அதற்குப் பதிலாகக் கல் தூளைக் கொட்டிவிட்டார்.' திம்மராயன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'விற்றுவிட்டு' என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

"எழுதுப்பா. மணல் எங்கியாச்சும் போயிருக்கணும் இல்ல? கேஸு கீஸு ஆவாம நான் பாத்துக்கறன்."

எழுதினேன்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சிவராஜ் வீட்டுக்குப் போனதும் நான்தான். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, புருவமெல்லாம் கல் தூசியோடு உட்கார்ந்திருந்தான். முகம் கழுவத் தண்ணீரை அளந்து ஒரு சொம்பில் வைத்திருந்தாள் ரேவதி. அவன் படித்தான். இரண்டு முறை படித்தான்.

"மணல் கேஸ்னா லைசென்ஸ் போயிடும்ணா" என்றான். "எங்க மொதலாளி ஒரு நாளு வெச்சிக்க மாட்டான். பாப்பாவுக்குக் கிருஷ்ணகிரில ஆஸ்டல் ஃபீஸ் கட்டணும்."

"கேஸ் ஆவாதுன்னு பெரியவரு சொல்றாரு."

"நீ சொல்லு. ஆவாதா?"

நான் சுவரைப் பார்த்தேன். ரேவதி களியை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்த்து இல்லை, தட்டைப் பார்த்து.

"போட வாணாம். தண்ணி வராம போவட்டும். எல்லாரும் அந்தப் பாலயே குடிக்கட்டும். நாம தோப்புக் கெணத்துலருந்து எடுத்துக்கினுதான இருக்கறோம்."

"ஊர்ல எழுவது வூடு இருக்குது, ரேவதி."

"அந்த எழுவது வூட்டுல ஒரு வூடு நமக்கு ஒரு சொம்பு குடுத்துதா? அதச் சொல்லு மொதல்ல."

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். கீரைக் குழம்பில் களியைத் தொட்டு விழுங்கினான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் என்னைச் சாப்பிடச் சொல்லாதது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கம் அப்புறம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் கூடினோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லாரும் புதுச் சுவரின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அருணாவுக்கு நாற்காலி போட்டோம். அவளும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டாள். காகிதத்தைப் படித்தாள்.

"இதுல இருக்கறது உண்மையாங்க சிவராஜ்?"

சிவராஜ் தலை குனிந்தான். ஊர் மொத்தமும் அவன் குனிந்த தலையைப் பார்த்தது.

"அந்தாளு சொல்ல மாட்டாரு" என்று பின்னாலிருந்து ரேவதி வந்தாள். "மேடம், நீங்க எது மேல சாஞ்சிக்கினு இருக்கறீங்க?"

அருணாவுக்குப் புரியவில்லை. திம்மராயன் எழுந்துவிட்டார். "ஏய், பொம்பள பேசற எடமா இது?"

ரேவதி சுவர் ஓரத்துக்குப் போனாள். அடிப்பகுதியில் ஒரு மூலையில் பூச்சு உப்பியிருந்தது. கீழே கிடந்த கல்லை எடுத்து அங்கே இரண்டு போடு போட்டாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. 'ஐயோ' என்று சாந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் இரண்டு பேர் ரேவதியின் கையைப் பிடிக்கப் போனார்கள். அவள் கல்லை ஓங்கியதும் நின்றுவிட்டார்கள். சில்லைக் கல்லில் வைத்து நசுக்கி, பொடியை அருணாவின் கையில் கொட்டினாள்.

"நீங்க படிச்சவங்க. இது என்னா மணல்னு பாருங்க. பாத்துட்டு எங்கூட்டுக்காரரு இத எங்க வித்தாருன்னு எழுதுங்க."

அருணா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். மணல் அவள் உள்ளங்கையில் மினுக்கியது. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்டினாள், அப்புறம் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாரையும். யாரும் சாய்ந்த முதுகை எடுக்கவில்லை.

அவள் கையை உதறினாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அக்கா, எனக்குப் புரியுது. ஆனா கோயிலுக்குப் போச்சுன்னு நான் எழுதினா அடுத்த நிமிசம் ஆபீஸ்ல ஃபைல மூடிடுவாங்க. கோயில் விசயத்துல அவங்க தலையிடவே மாட்டாங்க. சுத்துப்பட்டுல இன்னும் ஒம்பது ஊர்ல இந்த வேலை நடக்குது, அதுவும் நின்னுடும். தனி ஆள் பண்ண தப்புன்னா ரெண்டு வாரத்துல மணல் வந்துடும். எனக்கு ஒரு பேர் வேணும்க்கா. செவுத்துப் பேர எழுத முடியாது."

"அப்ப எழுவது பேரு பேரயும் எழுதுங்க."

"யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

ரேவதி திரும்பி எங்களைப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னிடம் வந்தபோது கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "விஜியண்ணா, நீ தூக்கின இல்ல? கடப்பாரைய எங்க குத்தணும்னு நீதான சொன்ன?"

"எல்லாரும்தான் தூக்கினாங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். உன்னதான் கேக்கறன்."

நான் வேலையில் இருப்பவன். ஊராட்சி வேலை. கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம், அதுகூடச் சொல்லவில்லை. தரையில் போய்க்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவராஜ் எழுந்து வந்தான். "வுடு ரேவதி" என்றான். அருணாவின் பேனாவை வாங்கி, காகிதத்தை அந்தச் சுவரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். பூச்சு நன்றாக வழவழப்பாக இருந்ததால் பேனா தடங்கல் இல்லாமல் ஓடியது. திம்மராயன் அவன் முதுகில் தட்டி, "ஊருக்காகப் பண்ணியிருக்கற, அம்மன் உன்னக் கைவுட மாட்டா" என்றார்.

அம்மன் என்ன செய்தாளோ, கிரஷர் முதலாளி மூன்றாம் நாளே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். காகிதத்தின் நகல் அவர் கைக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லையாம். கேஸ் ஆகவில்லை, அந்த அளவுக்குத் திம்மராயன் சொல் காப்பாற்றினார். ஆனால் பர்கூர் சுற்றுவட்டாரத்தில் மணல் திருடன் என்று பெயரெடுத்த ஒருத்தனுக்கு எவன் டிப்பர் கொடுப்பான்? சிவராஜ் ஓசூருக்குப் போனான். மூக்கண்டப்பள்ளியில் எட்டுப் பேர் தங்குகிற ஓர் அறையில் இருந்துகொண்டு, ஏதோ ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறான். வந்தால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

சொன்ன மாதிரியே மணல் வந்தது. தொட்டியைத் தோண்டிச் சுத்தம் செய்ய ஊரே இறங்கியது, அதற்கு ஆள் குறைவே இல்லை. கம்ப்ரஸர் வண்டி இரண்டு நாள் நின்று ஊதியது. ஏரிக்கரைப் போரிலிருந்து தென்னை உயரத்துக்குச் சாம்பல் கரைசல் பீறிட்டது, அப்புறம் மங்கலாக, அப்புறம் வெறும் தண்ணீராக. புரட்டாசியில் நல்ல மழை. ஐப்பசியில் என் மோட்டார் இரண்டரை மணி நேரம் ஓடியது. முழுசாக இல்லை, ஆனால் ஊருக்குப் போதும். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

சிவராஜ் வீட்டு வால்வைத் திறக்கச் சொல்லித் திம்மராயனே சொன்னார். சொல்லாமலே திறந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இல்லை. திறந்துவிட்டு, "தண்ணி வுட்டுட்டேன்மா" என்றேன். ரேவதி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே என் காலடிவரை பெருக்கினாள்.

மறுநாள் காலை ஒரு குடம் பிடித்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் தெருவில் நடந்தாள். எல்லாரும் குழாயடியில் நின்ற நேரம். நேராகக் கோயிலுக்குப் போய், தான் பெயர்த்த மூலைக்கு முன்னால் நின்று, அந்தச் சுவர் மேல் ஒரு குடம் தண்ணீரையும் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்து, அதைக் கழுவி, மாந்தோப்புக் கிணற்றுக்கு நடந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேண்டுதல் எங்கள் ஊரில் உண்டு, நாற்பத்தெட்டு நாள் ஊற்றுவார்கள். அதனால் முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு திருந்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று சாந்தம்மாகூடச் சொன்னாள்.

நாற்பத்தெட்டு முடிந்தது. அறுபது ஆனது. மழையிலும் ஊற்றினாள். காய்ச்சல் வந்த நாளிலும் ஊற்றினாள். அவள் வீட்டு அடுப்பில் ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு ஏறவில்லை. சுவரில் அந்த இடம் கறுத்துப் பாசி பிடித்தது. பூச்சு ஊறி, உள்ளிருந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே விரிய ஆரம்பித்தது. நான் தினமும் அவள் தெருவுக்கு வால்வைத் திறந்துவிட்டு, அந்தக் குடம் போகிற பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

தையில் ஒரு நாள் திம்மராயனுக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளை மறித்தார். கோபத்தில் தெலுங்கும் கலந்து வந்தது.

"வேண்டுதல்னா ஒரு கணக்கு வேணாமா, அம்மாயி? செவுரு ஊறுது. குடிக்கற தண்ணிய தெனம் ஒரு கொடம் வீணாக்கற."

ரேவதி கடைசிச் சொட்டுவரை ஊற்றி முடித்தாள். குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"வீணா எங்க போவுது, மாமா? நல்ல ஆத்து மணல்தான். வடிஞ்சி வடிஞ்சி கீழதான் எறங்குது" என்றாள். "குடிங்க."